வடக்கு வாகைவிளை வெப்சைட் திறந்த கதை

வடக்கு வாகைவிளை என்று ஒரு ஊர் உண்டு. தெற்கு வாகைவிளை என்று ஒரு ஊர் கிடையாது. ஆனால் அந்த விஷயம் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாது. வடக்கு இருந்தால் தெற்கு இருந்துதானே ஆக வேண்டும் என்று ஒரு நாள் நாலு பேர் கிளம்பினார்கள். தெற்கே, இன்னும் தெற்கே என்று நடந்து போய், கடல் வந்ததும் திரும்பிவிட்டார்கள். "ஊரு தண்ணிக்குள்ள போயிட்டுது, பாவம்" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு அன்றைக்கு வடக்கு வாகைவிளையில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

அந்த நாலு பேரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நாலு பேரும் கைப்பந்து ஆடுகிறவர்கள். 'சித்திரைவேல் நினைவுக் கைப்பந்துக் கழகம்' என்று வாசலில் பலகை இருக்கும். அந்தச் சித்திரைவேல் உயிரோடுதான் இருக்கிறார். அணியிலும் ஆடுகிறார். பந்து வாங்கிக் கொடுத்தவர் அவர். "செத்த பொறவு நீங்க நெனப்பியளோ மாட்டியளோ, இப்பவே நெனச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்கள் யாராவது வந்தால், "இவருதான் மறைந்த சித்திரைவேல்" என்று அறிமுகப்படுத்துவார்கள். அவரும் கும்பிடுவார்.

கேப்டன் தவசிக்கனி. யோசனை சொல்வதற்கு லிங்கத்துரை. காலேஜில் ஒரு வருஷம் படித்தவர், இரண்டாம் வருஷத்துக்கான வகுப்பு எந்தக் கட்டடம் என்று தெரியாமல் ஊருக்குத் திரும்பிவிட்டவர். நாலாவது ஆள் பால்வண்ணம். மஸ்கட்டுக்குப் போன அவருடைய அண்ணனுக்குப் பதிலாக ஆடுகிறார்.

கைப்பந்துக்கு ஆறு பேர் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மிச்சம் இரண்டு இடத்தில் இரண்டு செங்கல் வைத்து ஆடினார்கள். அந்தச் செங்கல்கள் இதுவரை ஒரு தப்பும் செய்ததில்லை என்று தவசிக்கனி பெருமையாகச் சொல்வார்.

இத்தனை இருந்தும் அவர்கள் வெளியூரில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. தவசிக்கனியின் மாமனார் ஊர் சுண்டங்குளம். அங்கே வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கைப்பந்துப் போட்டி நடக்கும். இவர்கள் வருஷா வருஷம் அதைத் தவறவிடுவார்கள். ஒரு தடவை போட்டிக்கு மறுநாள் போய், காலியான மைதானத்தில் தாங்களே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பினார்கள். மாமனார் பொன்னுலிங்கம் தீபாவளி விருந்தில் இட்லி வைத்துக்கொண்டே கேட்பார்: "மாப்பிள்ள, ஆடுவோம் ஆடுவோம்னு சொல்லுதீய. நாங்க பாக்கதுக்கு எப்பம் ஆடுவீய?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகலைமார் சிரிப்பார்கள். தவசிக்கனிக்குக் காது மடல் சுடும்.

இந்த வருஷம் மாமனார்தான் விழாக் கமிட்டித் தலைவர். "எம் மருமவன் டீமு வருது. முன் வரிசையில நாற்காலி போட்டு உக்காந்து பாக்கப் போறேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கூடவே ஒரு புது ஏற்பாடு. அணியின் பெயரை வெப்சைட்டில்தான் பதிய வேண்டும். கடைசி நாளும் வந்துவிட்டது, சாயங்காலம் ஐந்து மணி வரைதான் நேரம்.

கழகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மூடிப்போன பால் சொசைட்டியிலிருந்து வந்தது. பந்து உருளாமல் இருப்பதற்காக அதன் மேல்தான் பந்தை வைத்திருப்பார்கள். கேபிள்காரர் போன வாரம் வந்து அதற்கு ஒரு வயரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குக் காலையில் குளித்து, திருநீறு பூசி, நாலு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். லிங்கத்துரை பந்தை இறக்கி வைத்துவிட்டு, பிரவுசரைத் திறந்து, ஒற்றை விரலால் முகவரியைத் தட்டினார். திரை நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"எதுக்குவே சுத்துது?" என்றார் தவசிக்கனி.

"நாம கேட்டதத் தேடுது."

"ஒரே எடத்துலயேல்லா சுத்துது! அங்கன இல்லன்னா வேற எடத்துல போயித் தேடாண்டாமா?"

லிங்கத்துரை யோசித்தார். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டரைத் தூக்கி அறையின் மறு மூலையில் வைத்தார்கள். அங்கேயும் சுற்றியது. பார்த்துக்கொண்டே இருந்த பால்வண்ணத்துக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் தவசிக்கனி தன் மச்சினனுக்குப் போன் போட்டார். மச்சினன் நெல்லையப்பன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவன். "மாப்ள, வெப்சைட்டு தொறக்க மாட்டேங்கு."

"அத்தான், நான் மீட்டிங்குல இருக்கேன். மொதல்ல நெட்டு ஒழுங்கா இருக்கான்னு பாருங்க. லூசா இருந்தா நல்லா இறுக்கி மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நாலு பேரும் மைதானத்துக்கு ஓடினார்கள். நெட் லூசாகத்தான் இருந்தது. நடுவில் தொங்கி, கோழி ஒன்று அதில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

"கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சிட்டான் பாத்தீயளா!" என்று தவசிக்கனி மெய்சிலிர்த்தார்.

நெட்டின் ஒரு முனை கல்தூணில், மறு முனை முருங்கை மரத்தில். இழுத்த இழுப்பில் முருங்கை முறிந்து விழுந்தது. அதற்குப் பதில் சித்திரைவேல் வீட்டு வாசல் தூணில் கட்டி, வீணைக் கம்பி மாதிரி முறுக்கேற்றினார்கள். சித்திரைவேலின் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து, நெட்டுக்கு அடியில் குனிந்து வீட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. "கழகத்துக்காக" என்றார் மறைந்த சித்திரைவேல். "நாசமாப் போவ" என்றாள் அம்மா.

வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

மறுபடி போன். "மாப்ள, நெட்ட இழுத்துக் கட்டியாச்சு. தட்டுனா சத்தம் வருது."

"தட்டுனா... சரி. நெட்டு நல்லா இருக்குன்னா, நெறைய விண்டோ தொறந்து கெடக்கும். எல்லா விண்டோவையும் மூடிட்டு ஒண்ணே ஒண்ண மட்டும் தொறந்து வைங்க."

கழகக் கட்டடத்தில் இரண்டே ஜன்னல். மூடினார்கள். ஆனால் லிங்கத்துரைக்குத் திருப்தி இல்லை. "எல்லாம்னு சொன்னாவள்லா? நம்ம ஜன்னல மட்டுமா சொன்னாவ?"

ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்து போய் ஊரில் இருந்த ஜன்னலை எல்லாம் சாத்தினார்கள். பங்குனி வெயில். உள்ளே இருந்தவர்கள் ஏன், எதற்கு என்று கேட்டார்கள். "வெப்சைட்டு வரணும்" என்றதும், வருகிறது யாரோ பெரிய அதிகாரி போல என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். பிறகுதான் சிக்கல். ஒன்றே ஒன்று திறந்திருக்க வேண்டும். எந்த ஜன்னல்?

"பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு ஜன்னல்" என்றார் பால்வண்ணம்.

"அப்பம் மத்தவங்க என்ன நெனப்பாவ? கட்சி கட்டுதோம்னு பேச்சு வரும்" என்றார் தவசிக்கனி.

"யாருக்கும் சொந்தமில்லாத ஜன்னலாப் பாக்கணும்" என்று லிங்கத்துரை தீர்ப்புச் சொன்னார். அப்படியே ரேஷன் கடை ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அன்றைக்கு ரேஷன் கடைக்கு விடுமுறை. ஜன்னல் திறந்ததைப் பார்த்த சனம் பையோடு வந்து வரிசையில் நின்றது. நிற்கட்டும் என்று நம் ஆட்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை நெல்லையப்பன் கிசுகிசுத்தான். மீட்டிங் முடியவில்லை போல. "அத்தான், குக்கீஸ் நெறையச் சேந்திருக்கும். ஒண்ணு விடாம காலி பண்ணுங்க. அப்படியே ஹிஸ்டரியையும் அழிச்சிருங்க."

"குக்கீஸ்னா என்னவே?" என்றார் சித்திரைவேல்.

"பிஸ்கட்டு" என்றார் லிங்கத்துரை. காலேஜ் படிப்பு ஒரு வருஷமானாலும் இந்த மாதிரி நேரத்தில் கை கொடுக்கும்.

ஊரில் இருப்பது ஒரே பெட்டிக்கடை. பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தார்கள். தேங்காய் பிஸ்கட், உப்பு பிஸ்கட், பட்டன் பிஸ்கட் எல்லாம் தீர்ந்தது. ரஸ்க் பாட்டிலுக்கு வந்ததும் பெரிய விவாதம்.

"ரஸ்கு பிஸ்கட்டுல சேத்தியா, ரொட்டில சேத்தியா?"

"ரொட்டியாப் பொறந்து பிஸ்கட்டா வாழுது."

"அப்பம் தின்னுருவோம். எதுக்கு வம்பு?"

தின்றார்கள். அந்த நேரம் பார்த்து கீழே விழுந்த ஒரு பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு கடைக்காரர் நாய் ஓடிவிட்டது. "ஒண்ணு விடாம" என்று நெல்லையப்பன் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பெருத்த வயிற்றோடு நாலு பேரும் நாய்க்குப் பின்னால் ஓடினார்கள். குளத்தங்கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது லிங்கத்துரைக்கு ஒரு வெளிச்சம் பட்டது. "நாய் தின்னாலும் அது காலியான கணக்குத்தானவே?" நாய் வாயை நக்கிக்கொண்டது. அதுவே சாட்சி என்று திரும்பினார்கள்.

அடுத்தது ஹிஸ்டரி. அதற்கு வரலாறு என்று பொருள் சொன்னார் லிங்கத்துரை. கழகச் சுவரில் 'கழக வரலாறு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, 'தோல்வி: இதுவரை இல்லை. வெற்றி: இதுவரை இல்லை' என்று இரண்டு வரி. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். தவசிக்கனிக்குக் கண் கலங்கியது.

"செவத்துல அழிச்சாப் போதுமா? மனசுல இருக்கதையும்லா அழிக்கணும்" என்றார் லிங்கத்துரை. "நேத்து வரைக்கும் நடந்தது எல்லாமே வரலாறுதான். மறந்துருங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நாலு பேரும் கண்ணை மூடிச் சிரமப்பட்டு மறந்துகொண்டிருந்தபோது, தவசிக்கனியின் மனைவி சொர்ணக்கிளி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள்.

"ஏங்க, சாப்பிட வாங்க."

தவசிக்கனி கண்ணைத் திறந்து பார்த்தார். கை தானாகத் தூக்குச்சட்டியை நோக்கி நீண்டது. ஆனாலும் கழகம் பெரிது. "யாரும்மா நீங்க?" என்றார்.

சொர்ணக்கிளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. யாருன்னு தெரியாத ஆளுக்கு நான் எதுக்குச் சோறு போடணும்?" என்று தூக்குச்சட்டியோடு திரும்பி நடந்தாள்.

"நல்ல பொம்பள மாதிரித் தெரியுது" என்றார் தவசிக்கனி ஏக்கத்தோடு. "கெட்டுனவன் குடுத்து வச்சவன்."

நாலாவது தடவை லைன் சரியாக இல்லை. கரகரவென்று இரைச்சல். "அத்தான்... பிரவுசரு பழசா இருக்கும்... புதுசு போட்டுப் பாருங்க..."

"என்ன சொல்லுதான்?" என்றார் தவசிக்கனி.

"டவுசரு பழசாம். புதுசு போடணுமாம்" என்றார் போனில் காதை ஒட்டி வைத்திருந்த சித்திரைவேல்.

நாலு பேரும் குனிந்து தங்கள் டவுசரைப் பார்த்தார்கள். பால்வண்ணத்தின் டவுசரில் பின்பக்கம் காற்றோட்டமாக இருந்தது. அது கோயம்புத்தூர் வரை தெரிந்துவிட்டதே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போட்டிக்கென்று தைத்து வைத்திருந்த நீல டவுசர்களை எடுத்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கம்ப்யூட்டருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கம்ப்யூட்டர் பார்த்ததாகத் தெரியவில்லை.

மறுபடி கூப்பிட்டபோது நெல்லையப்பன் குரலில் கொஞ்சம் களைப்பு. "புதுசு போட்டும் வரலையா? அப்பம் ப்ராக்ஸி ஏதும் இருக்கா பாருங்க. இருந்தா தூக்கிருங்க."

ப்ராக்ஸி என்றால் என்ன என்பது காலேஜில் ஒரு வருஷம் படித்தவருக்கு நன்றாகத் தெரியும். வராதவனுக்குப் பதிலாக இன்னொருத்தன் 'உள்ளேன் ஐயா' சொல்வது. லிங்கத்துரை மெதுவாகப் பால்வண்ணத்தைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"எங்கண்ணனுக்குப் பதிலாத்தான நான் நிக்கேன்" என்றார் பால்வண்ணம். "நாந்தானா அது?"

"உம்ம மேல ஒரு குத்தமும் இல்லவே" என்று தவசிக்கனி அவர் தோளைப் பிடித்தார். "கழகத்துக்காகப் போயிரும்."

மாலை போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்கள். "தூக்கிருங்க" என்று சொன்னபடியால் இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார்கள். அவர் இடத்துக்கு மூன்றாவதாக ஒரு செங்கல் தேவைப்பட்டது. பால்வண்ணமே தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, வெயிலில் மாலையோடு நின்றார்.

இப்போது திரையில் வட்டம் நின்று, எழுத்து வந்திருந்தது. லிங்கத்துரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "சர்வர் பதில் அளிக்கவில்லை."

"அடப்பாவி! அந்த ஆளா எல்லாத்துக்கும் காரணம்?" என்று எழுந்தார் தவசிக்கனி.

ஊரில் சாப்பாட்டுக்கு ஒரே கிளப்புக்கடை. ஒரே சர்வர், ஆவுடையப்பன். மூன்று பேரும் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு கையில் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைவாய்ப் பல் வலி. கன்னம் இட்லி மாதிரி உப்பியிருந்தது.

"ஆவுடையப்பண்ணே, வெப்சைட்ட ஏன் தொறக்க மாட்டேங்கீய?"

"ம்ம்."

"ஏதாவது பதில் சொல்லுங்கண்ணே. அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

"ம்ம்ம்ம்!" என்று கண்ணில் தண்ணீர் வர ஆவுடையப்பன் கன்னத்தைக் காட்டினார்.

தவசிக்கனி அங்கிருந்தே போன் போட்டார். "மாப்ள, கேட்டுப் பாத்தாச்சு. சர்வர் பதில் சொல்ல மாட்டேங்காரு."

"கடைசி நாள்லா அத்தான், சர்வருக்கு லோடு தாங்கல போல. லோடு கொறஞ்சா சரியாயிரும்."

உண்மைதான். ஆவுடையப்பன் கையில் லோடு அதிகம்தான். தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இறக்கின தோசையை என்ன செய்வது? வயிற்றில் பிஸ்கட் போக இடமில்லை. இருந்தாலும் கழகத்துக்காகச் சாப்பிட்டார்கள். தோசைக்குக் காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். கை லேசான ஆவுடையப்பன், இதுதான் சமயம் என்று துண்டை உதறி, வாசலில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, டவுனில் இருக்கும் பல் டாக்டரிடம் போயே போய்விட்டார்.

"மாப்ள! சர்வர் டவுன்!" என்று தவசிக்கனி போனில் அலறினார்.

"நெனச்சேன். அப்பம் நாம ஒண்ணும் செய்ய முடியாது அத்தான். திரும்ப எப்பம் வரும்னு ஏதாவது போட்டிருக்கா?"

"சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவாரு."

கோயம்புத்தூரில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு நெல்லையப்பன் மிகவும் நிதானமாகக் கேட்டான். "அத்தான். எங்கயும் போகாம, எதையும் செய்யாம, திரையில இப்பம் என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

கழகத்துக்கு ஓடினார்கள். திரையில் வேறு எழுத்து. 'உங்கள் கடிகாரம் பின்னால் இருக்கிறது.'

மூன்று பேரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். கடிகாரம் அவர்களுக்குப் பின்னால் சுவரில்தான் இருந்தது!

"என்னா ஒரு அறிவுவே இதுக்கு!" என்று சித்திரைவேல் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆணியைப் பிடுங்கி, கடிகாரத்தைக் கழற்றி, முன் சுவரில் அடித்து மாட்டினார்கள். மணி நாலரை.

விஷயத்தைக் கேட்டதும் நெல்லையப்பன் துள்ளினான். "அதான் அத்தான் கோளாறு! கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருக்கு. தேதி பின்னால இருந்தா எந்த வெப்சைட்டும் தொறக்காது. அக்காகிட்டக் குடுங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

"எந்த அக்கா?"

"எங்கக்கா! உங்க பொண்டாட்டி!"

தவசிக்கனி தர்மசங்கடத்தோடு லிங்கத்துரையைப் பார்த்தார். வரலாற்றை அழித்தாயிற்றே. லிங்கத்துரை மோவாயைத் தடவினார். "புதுசா அறிமுகம் ஆனா அது வரலாறு இல்லவே, நடப்பு. தாராளமாப் போயிப் பேசும்."

தவசிக்கனி வீட்டு வாசலில் போய் நின்று, டவுசரைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம்மா. எம் பேரு தவசிக்கனி. கைப்பந்து ஆடுதேன். ஒரு சின்ன உதவி" என்றார். சொர்ணக்கிளி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்காமலே கூட வந்தாள். தம்பி போனில் சொல்லச் சொல்ல, திரையின் மூலையில் இருந்த பழைய தேதியை எடுத்துவிட்டு இன்றைய தேதியை வைத்தாள். மூன்று பேரும், வாசலில் நின்ற பால்வண்ணமும், தேதியை மாற்றுகிற வித்தையை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. சுண்டங்குளம் கோயில் கோபுரத்தோடு வெப்சைட் பளிச்சென்று திறந்தது.

"இதுக்காய்யா ஊரையே பூட்டுனீரு? குழாயில தண்ணி வர்ற நேரம். மிச்சத்த நீங்களே பாருங்க" என்று குடத்தை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

லிங்கத்துரை அணியின் பெயரை அடித்தார். ஆட்டக்காரர்கள் பெயரை அடித்தார். எல்லாம் நல்லபடியாக நடந்தது. கடைசியில் ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில், 'நான் ரோபோ அல்ல.'

"டிக்கு போடுவே" என்றார் தவசிக்கனி.

"யோசிக்காமப் போடப்பிடாது. பொய்யாப் போனா கேசு ஆயிரும்."

"ரோபோன்னா யாரு?"

"மனுசன் மாதிரியே இருக்கும். சொன்னதச் சொன்னபடி செய்யும். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த யோசிக்காது" என்றார் லிங்கத்துரை.

முன் சுவரில் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்றது. சித்திரைவேல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வேர்க்குது. ரோபோவுக்கு வேர்க்குமா?" என்றார் கொஞ்சம் நம்பிக்கையோடு.

"நம்ம தலைவர் வீட்டு பிரிஜ்ஜுக்குக்கூட வேர்க்குது" என்றார் லிங்கத்துரை.

தவசிக்கனிக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. குழாயடிக்கு ஓடினார். "ஏம்மா, உள்ளதச் சொல்லும். நான் ரோபோவா?"

"ரோபோவா இருந்தா ஒரு வேலைக்காவது ஆயிருப்பீரே" என்றாள் சொர்ணக்கிளி.

சந்தோஷத்தோடு திரும்பி ஓடிவந்து, "இல்லையாம்! போடும்!" என்று கத்தினார். லிங்கத்துரை டிக் போட்டார். திரை மாறியது. 'பதிவு செய்யும் நேரம் முடிந்துவிட்டது.' மணி ஐந்து அடித்தது.

தவசிக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்தார். முன் வரிசை நாற்காலியும், அதில் உட்கார்ந்திருக்கப் போகிற மாமனாரும், அடுத்த தீபாவளி இட்லியும் அவர் கண் முன்னால் வந்து போயின. சித்திரைவேல் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

வாசலிலிருந்து பால்வண்ணம் தலையை நீட்டினார். "நான் உள்ள வரப்பிடாதுன்னு தெரியும். இங்கன நின்னே ஒண்ணு கேக்கேன். தேதிய மாத்துனதும்தான வெப்சைட்டு வந்துது? அப்பம் இன்னொரு தடவ மாத்துனா என்ன?"

லிங்கத்துரை நிமிர்ந்தார். மூலையில் இருந்த தேதியைப் பிடித்து ஒரு நாள் பின்னால் வைத்தார். "கேப்டன், எந்திரியும். இப்பம் நேத்து. கடைசி நாளுக்கு இன்னும் ஒரு நாள் முழுசாக் கெடக்கு."

தவசிக்கனி எழுந்து பால்வண்ணத்தைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். திரையில் வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது. யாரும் கவலைப்படவில்லை. அதுதான் நேரம் கிடக்கிறதே!

மறுநாள் சாயங்காலமும் வட்டம் சுற்றியது. தேதியை இன்னும் ஒரு நாள் பின்னால் தள்ளினார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே. நெல்லையப்பனின் போன் ஏனோ அணைந்தே கிடந்தது.

சுண்டங்குளத்தில் கொடை வந்தது. மைக் சத்தம் வாகைவிளை வரைக்கும் கேட்டது. போட்டி முடிந்து, ஜெயித்த அணி வாகைவிளை வழியாக வேனில் போனது. வேனுக்குள் மாலை போட்ட ஒரு கிடா நின்றது. முதல் பரிசு. அதற்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் மாமனார் பொன்னுலிங்கம் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"மாப்பிள்ள! ஊருக்கு முன்னால என்ன இப்படி உக்கார வச்சிட்டீயளே. ஏன் வரல?"

தவசிக்கனிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையைப் பிடித்துக் கழகத்துக்குள் கூட்டிப் போய், திரையில் இருந்த தேதியைக் காட்டினார். "மாமா, நீங்களே பாருங்க. போட்டிக்கு இன்னும் எத்தன நாள் கெடக்கு! தேதி தெரியாம அவசரப்பட்டு முன்னாலயே ஆடிட்டீயளே."

மாமனார் கண்ணாடியைப் போட்டுத் தேதியைப் படித்தார். கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். முகத்தில் ஒரு கலவரம் பரவியது. "கமிட்டித் தலைவரு நான். இது வெளிய தெரிஞ்சா என்ன ஆவும்?" என்று முணுமுணுத்தார்.

"பரிசத் திருப்பி வாங்கி வச்சிருங்க மாமா. நாள் வந்ததும் முறையா ஆடிக் குடுத்துக்கிடலாம்" என்றார் லிங்கத்துரை.

பொன்னுலிங்கம் அந்த வேகத்திலேயே ஜெயித்தவர்கள் ஊருக்குப் போனார். அதற்குள் அவர்கள் கிடாவை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். பாதிதான் மிச்சம். அவர் விடவில்லை, சட்டியோடு வாங்கி வந்து கழகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

இப்போதும் நீங்கள் போனால் பார்க்கலாம். சட்டியின் கழுத்தில் கயிறு போட்டுக் கழக முற்றத்தில் முளையடித்துக் கட்டியிருக்கிறார்கள். முன்னால் ஒரு கட்டு அகத்திக்கீரை கிடக்கிறது. வந்த நாளிலிருந்து கிடா வாய் வைக்கவில்லையாம். புது இடம், பழகட்டும் என்கிறார் தவசிக்கனி.